சீட்டு சரி, பெயர் தவறு: ஜாவாஸ்கிரிப்ட் ஸ்கோப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முன்பதிவுச் சேவை ஒன்றின் பயனர் அனுப்பிய புகாரிலிருந்து இது தொடங்குகிறது. உறுதி மின்னஞ்சல் அவருடைய முகவரிக்குத்தான் வந்தது. இணைப்பில் இருந்த பிடிஎஃப் சீட்டும் அவருடையதுதான். ஆனால் கடிதத்தின் முதல் வரியில் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர். ஏதோ தட்டச்சுப் பிழை என்று அவர் விட்டிருக்கலாம். நல்லவேளை, விடவில்லை. இன்று பெயர் தப்பாக வருகிறது என்றால், அதே வழியில் நாளை தொலைபேசி எண்ணும் தப்பாக வரும்.

சேவை நோட்.ஜேஎஸ்ஸில், அதாவது ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் தளத்தில், ஓடியது. குழுவினர் தங்கள் கணினியில் எவ்வளவு முயன்றும் பிழை வரவில்லை. டெஸ்டுகள் (நிரலைத் தானாகச் சோதிக்கும் சிறு நிரல்கள்) எல்லாம் பச்சை, அதாவது தேறின. அதே பயனருக்கு மறுபடி அனுப்பினால் சரியான பெயரோடு போகிறது. பயனர்கள் ஒரே நேரத்தில் குவியும்போது மட்டும் எங்கோ ஒருவருக்கு இப்படி ஆகிறது. இந்த நிலையில்தான் என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

முதலில் சந்தேகப்பட்டவை

முன்பு எடுத்த தரவை மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் கேஷ் மீதுதான் முதல் சந்தேகம் விழுந்திருந்தது. ஒருவருடைய தரவு இன்னொருவருக்குப் போனால் யாருக்கும் முதலில் கேஷ் நினைவுதான் வரும். அதை அணைத்துப் பார்த்திருக்கிறார்கள், புகார் நிற்கவில்லை. அடுத்து டேட்டாபேஸ்: பதிவு வரிசையில் பெயர் சரியாகவே இருந்தது. அடுத்து செஷன்: உள்நுழைந்தவர் அவரேதான்.

இதற்கெல்லாம் நேரம் செலவழிப்பதற்கு முன் புகாரையே இன்னொரு முறை படித்திருக்கலாம் என்பது என் எண்ணம். கேஷிலோ செஷனிலோ ஆள் குழம்பியிருந்தால் கடிதம் முழுவதும் வேறொருவருடையதாக இருந்திருக்கும். இங்கே முகவரி சரி, சீட்டு சரி, பெயர் மட்டும் தவறு. ஒரே கடிதத்தில் இரண்டு பேர் கலந்திருக்கிறார்கள். அப்படியானால் கலப்பு நடந்த இடம் அந்தக் கடிதத்தை உருவாக்கும் ஃபங்ஷனுக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

அந்த ஃபங்ஷனின் சாரம் இது. கட்டளைச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். (மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டியாக வேண்டும்.)

அசிங்க் ஃபங்ஷன் உறுதிசெய்(கோரிக்கை) {
  கான்ஸ்ட் முகவரி = கோரிக்கை.மின்னஞ்சல்;
  பயனர் = அவெய்ட் பயனரைத்தேடு(கோரிக்கை.எண்);
  கான்ஸ்ட் சீட்டு = அவெய்ட் சீட்டுஉருவாக்கு(கோரிக்கை.எண்);
  அவெய்ட் கடிதம்அனுப்பு(முகவரி, பயனர்.பெயர், சீட்டு);
}

இரண்டாவது வரியில் 'பயனர்' என்பதற்கு முன்னால் எதுவும் இல்லை. மாறியை அறிவிக்கும் சொற்களான கான்ஸ்டும் இல்லை, லெட்டும் இல்லை, வாரும் இல்லை. பழகிய கண் இதை எளிதில் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் நிரலில் பாதி வரிகள் இப்படித்தான் இருக்கும். ஏற்கெனவே அறிவித்த மாறிக்குப் புது மதிப்பு கொடுக்கும் வரிக்கும், அறிவிக்கவே படாத மாறிக்கு மதிப்பு கொடுக்கும் வரிக்கும் தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

அறிவிக்காத பெயர் எங்கே போகிறது

ஒரு பெயர் எங்கெங்கே தெரியும் என்ற எல்லைதான் ஸ்கோப். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு பெயரைத் தேடும் முறை நேரானது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிளாக்கில் (நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் உள்ள பகுதியில்) இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அதைச் சுற்றியிருக்கும் பிளாக், பிறகு ஃபங்ஷன், அதைச் சுற்றி இன்னொரு ஃபங்ஷன் இருந்தால் அது, பிறகு ஃபைல், கடைசியில் நிரல் முழுவதற்கும் பொதுவான குளோபல். 'சுற்றி' என்பது நிரல் எழுதப்பட்டிருக்கும் இடத்தைப் பொறுத்தது. அந்த ஃபங்ஷனை யார், எங்கிருந்து அழைக்கிறார்கள் என்பது இந்தத் தேடலில் கணக்கில் வராது. பலருக்கு முதலில் குழப்பம் தருவது இந்த இடம்தான். அழைத்தவரின் மாறிகள் அழைக்கப்பட்ட ஃபங்ஷனுக்குத் தெரியாது, அதைத் தனக்குள்ளே வைத்து எழுதிய ஃபங்ஷனின் மாறிகள் தெரியும்.

சரி, குளோபல் வரை தேடியும் பெயர் கிடைக்கவில்லை என்றால்? மதிப்பைப் படிக்க முயன்றிருந்தால் ரெஃபரன்ஸ் எரர் வரும், நிரல் நின்றுவிடும். மதிப்பைக் கொடுக்க முயன்றிருந்தால், பழைய தளர்வான முறையில், அந்தப் பெயரில் ஒரு புது குளோபல் சத்தமில்லாமல் உருவாகிவிடும். 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை உருவாக்கியபோது மனத்தில் இருந்தது வலைப்பக்கத்தில் எழுதும் சிறு சிறு துண்டுகள். பக்கத்தை மூடினால் எல்லாம் அழிந்துவிடும், பார்ப்பவரும் ஒரே ஒருவர். அங்கே இந்தத் தாராளம் பெரிய ஆபத்தில்லை. 2009இல் நோட்.ஜேஎஸ் வந்து அதே மொழி சர்வருக்குப் போனபோது, வாரக்கணக்கில் மூடாமல் ஓடும் ஒரே செயலியில் ஆயிரம் பேருடைய கோரிக்கைகள் வந்து போகத் தொடங்கின. மொழியின் விதி மாறவில்லை, அதன் விலைதான் மாறியது.

ஆக, 'பயனர்' என்பது அந்தச் செயலி முழுவதற்கும் ஒரே ஒரு இடம். எல்லாக் கோரிக்கைகளும் ஒரே கரும்பலகையில் பெயர் எழுதி, கொஞ்ச நேரம் கழித்து வந்து அதையே படிக்கின்றன.

ஒரே இழையில் எப்படிக் கலந்தது

இங்கே குழுவில் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒரே இழையில்தானே ஓடுகிறது, ஒரு ஃபங்ஷன் ஓடும்போது இன்னொன்று குறுக்கே வர முடியாதே, அப்புறம் எப்படி மதிப்பு மாறும்?

குறுக்கே வர முடியாது என்பது உண்மை, அவெய்ட் வரும் வரைக்கும். அவெய்ட் வந்ததும் அந்த ஃபங்ஷன் ஒதுங்கிக்கொள்கிறது. காத்திருந்தது கிடைத்த பிறகுதான் தொடரும். அந்த இடைவெளியில் வேறு கோரிக்கைகள் தாராளமாக ஓடலாம். மேலே உள்ள நிரலை இரண்டு பேர் ஒட்டி ஒட்டி அழைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவரின் தேடல் முடிந்து 'பயனர்' அவருடையதாகிறது. உடனே சீட்டு உருவாக்கப் போய்க் காத்திருக்கிறது. அதற்குள் இரண்டாமவரின் தேடல் முடிகிறது, 'பயனர்' இப்போது இரண்டாமவர். முதலாமவரின் சீட்டு தயாராகி ஃபங்ஷன் விட்ட இடத்திலிருந்து தொடரும்போது, அதனுடைய 'முகவரி', 'சீட்டு' இரண்டும் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் அவை கான்ஸ்ட், அந்த அழைப்புக்கே உரியவை. 'பயனர்' மட்டும் அடுத்தவர். புகாரில் இருந்தது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

டெஸ்டுகள் ஏன் பிடிக்கவில்லை என்பதும் இதிலேயே விளங்குகிறது. டெஸ்டு ஒவ்வொன்றும் ஒரு கோரிக்கையை அனுப்பி, அது முடியும் வரை காத்திருந்து, பிறகு அடுத்ததை அனுப்புகிறது. எழுதியவரே உடனே படித்துக்கொண்டால் குளோபலும் உள்ளூர் மாறியும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. இந்த வரி சமீபத்தில் எழுதப்பட்டதல்ல. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வரலாற்றில் பின்னோக்கிப் போனால், ஒரு காலத்தில் இந்த மாறிகள் எல்லாம் ஒரே வாரின் கீழ் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக இருந்தன. ஏதோ ஒரு திருத்தத்தில் முதல் வரியின் காற்புள்ளி அரைப்புள்ளியாக மாறியிருக்கிறது. அந்தக் கணத்திலேயே அடுத்த வரியில் இருந்த 'பயனர்' வாரின் பிடியிலிருந்து கழன்றுவிட்டது. பிறகு யாரோ முதல் வரியின் வாரை கான்ஸ்ட் ஆக்கினார்கள், இரண்டாம் வரியைத் தொடவில்லை. ஆனாலும் வெகுகாலம் ஒரு புகாரும் வரவில்லை. காரணம், அப்போது சீட்டு உருவாக்குவது அதே செயலிக்குள் அவெய்ட் இல்லாமல் நடந்தது. மதிப்பு கொடுப்பதற்கும் படிப்பதற்கும் நடுவே இடைவெளியே இல்லை. சீட்டு வேலையைத் தனிச் சேவையாகப் பிரித்து, அந்த வரியில் அவெய்ட் சேர்த்த பிறகுதான் பிழை வெளியே தெரிந்தது.

கிட்டில் பைசெக்ட் செய்து எந்த மாற்றத்தில் பிழை தொடங்கியது என்று தேடியிருந்தால், அது அவெய்ட் சேர்த்த மாற்றத்தைத்தான் காட்டியிருக்கும். அந்த மாற்றம் 'பயனர்' என்ற சொல்லைத் தொடக்கூட இல்லை. அதை எழுதியவரும் தவறு ஏதும் செய்யவில்லை. பைசெக்ட் காட்டும் இடம் அறிகுறி தொடங்கிய இடம். நோய் தொடங்கிய இடமும் அதுவே என்று எடுத்துக்கொண்டால் இந்த மாதிரி வழக்குகளில் வழி தவறிவிடும்.

முதல் திருத்தம், மீண்டும் புகார்

காரணம் தெரிந்ததும் குழு வேகமாக இறங்கியது. ஃபைலின் தலையில் ஸ்ட்ரிக்ட் மோட் சேர்த்தார்கள். ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான ஈசிஎம்ஏஸ்கிரிப்டின், 2009 டிசம்பரில் வெளியான ஐந்தாம் பதிப்பில் வந்த வசதி இது. இதில் அறிவிக்காத பெயருக்கு மதிப்பு கொடுத்தால் குளோபல் உருவாகாது, ரெஃபரன்ஸ் எரர் வரும். எதிர்பார்த்தபடியே 'பயனர்' அறிவிக்கப்படவில்லை என்று நிரல் நின்றது. உடனே ஒருவர் ஃபைலின் மேலே, இறக்குமதிகளுக்குக் கீழே, ஒரு வரி சேர்த்தார்:

லெட் பயனர்;

எரர் போனது. நிரலை ஓட்டாமலே குறை காட்டும் லின்டர் அமைதியானது. டெஸ்டுகள் பச்சை. வெளியிட்டார்கள். அடுத்த முறை பயனர்கள் குவிந்தபோது அதே புகார்.

இந்த நிகழ்வில் நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது இந்தத் திருத்தத்தைத்தான். மொழியின் இலக்கணப்படி இதில் பிழையே இல்லை. மாறி அறிவிக்கப்பட்டிருக்கிறது, நவீன முறையில் லெட் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இப்போது அது குளோபல்கூட இல்லை, அந்த ஃபைலுக்கு மட்டும் தெரிகிற மாறி. ஆனால் நோட்.ஜேஎஸ் ஒரு ஃபைலை ஒரு முறைதான் ஏற்றும். பிறகு எத்தனை இடத்திலிருந்து அழைத்தாலும் ஏற்கெனவே ஏற்றியதையே திருப்பிக் கொடுக்கும். ஆகவே ஃபைல் மட்டத்தில் இருக்கும் மாறியும் செயலி முழுவதற்கும் ஒன்றேதான். பெயர் தெரியும் எல்லை சுருங்கியது, ஆயுள் சுருங்கவில்லை. எல்லாக் கோரிக்கைகளும் இப்போதும் அதே ஒரே இடத்தில்தான் எழுதுகின்றன.

ஸ்கோப்பைப் பற்றிப் பேசும்போது 'இந்தப் பெயர் எங்கெங்கே தெரியும்' என்பதை மட்டும் சொல்லித் தந்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதே அறிவிப்பு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: இந்த மாறிக்கு எத்தனை பிரதிகள் இருக்கும், ஒவ்வொன்றும் எப்போது பிறக்கும். ஃபங்ஷனுக்குள் அறிவித்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புதுப் பிரதி. லூப்பின் பிளாக்குக்குள் லெட் கொண்டு அறிவித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. ஃபைலின் தலையில் அறிவித்தால் செயலிக்கே ஒன்று. 'பயனர்' என்ற மதிப்பு யாருடையது? ஒரு கோரிக்கையினுடையது. அப்படியானால் கோரிக்கைக்கு ஒரு பிரதி பிறக்கும் இடத்தில்தான் அதை அறிவிக்க வேண்டும். லின்டருக்கு இந்தக் கேள்வியே தெரியாது, அதனால்தான் அமைதியாக இருந்தது.

சரியான திருத்தம் ஒரே ஒரு சொல்:

  கான்ஸ்ட் பயனர் = அவெய்ட் பயனரைத்தேடு(கோரிக்கை.எண்);

ஃபைலின் தலையில் இருந்த லெட்டை நீக்கியாக வேண்டும். அதை விட்டுவைத்தால் நாளை வேறொரு ஃபங்ஷன் உள்ளூர் அறிவிப்பை மறந்தாலும், ஸ்ட்ரிக்ட் மோட் வாயைத் திறக்காது. மேலே ஒரு 'பயனர்' இருக்கிறதே.

இதே சேவையைப் பல செயலிகளாகப் பிரித்து ஓட்டலாம் என்று இடையில் ஒரு யோசனையும் வந்தது. அதனால் ஒரே செயலியில் இரண்டு கோரிக்கைகள் மோதும் வாய்ப்புக் குறையும், பிழை போகாது. அரிதாக வரும் பிழையை இன்னும் அரிதாக்கினால் கண்டுபிடிப்பதுதான் கடினமாகும். அழைப்பு வரும்போது மட்டும் நிரலை எழுப்பும் சர்வர்லெஸ் முறையும் முழுப் பாதுகாப்பில்லை. அங்கே ஒரு முறை எழுப்பிய சூழலை அடுத்த அழைப்புக்கும் மறுபடி பயன்படுத்துவது வழக்கம், ஃபைல் மட்டத்து மாறியில் முந்தையவரின் மதிப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நினைவூட்டல் கடிதங்கள்

ஒரு கல்லைப் புரட்டினால் பக்கத்துக் கல்லையும் புரட்டத் தோன்றும். அதே சேவையில், நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் நினைவூட்டல் அனுப்பும் பழைய நிரல் ஒன்று இருந்தது. பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரேயடியாக அனுப்பாமல் சிறிது இடைவெளி விட்டு அனுப்புவதற்காக டைமர் வைத்திருந்தார்கள்.

ஃபார் (வார் இ = 0; இ < பட்டியல்.லெங்த்; இ++) {
  வார் நபர் = பட்டியல்[இ];
  செட்டைம்அவுட்(() => நினைவூட்டு(நபர்), இ * 200);
}

பட்டியலில் கடைசியாக இருப்பவருக்கு எல்லாக் கடிதங்களும் போயின, மற்றவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. இந்தப் பிழை பாடப்புத்தகத் தரம் கொண்டது, ஆனாலும் பழைய நிரல்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

வாருக்கு பிளாக் தெரியாது, ஃபங்ஷன் மட்டும்தான் தெரியும். லூப்பின் அடைப்புக்குறிக்குள் எழுதினாலும் 'நபர்' அந்த ஃபங்ஷன் முழுவதற்கும் ஒன்றே. டைமருக்குக் கொடுத்த சிறு ஃபங்ஷன் 'நபர்' என்ற இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதே தவிர, அந்த நேரத்து மதிப்பை நகலெடுப்பதில்லை. குளோஷர் என்பது இதுதான். டைமர்கள் விழிக்கும்போது லூப் எப்போதோ முடிந்துவிட்டது, 'நபர்' கடைசி ஆள். நேரடியாக பட்டியல்[இ] என்று உள்ளே எழுதியிருந்தால் இன்னும் வேடிக்கை: லூப் முடிந்தபோது 'இ' பட்டியலின் நீளத்துக்குச் சமம், அந்த இடத்தில் ஆளே இல்லை, எல்லோருக்கும் அன்டிஃபைண்ட் (மதிப்பில்லை).

2015 ஜூனில் வந்த ஆறாம் பதிப்பு லெட், கான்ஸ்ட் இரண்டையும் கொண்டுவந்தது. வாரின் இடத்தில் லெட் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுப் பிரதி. ஃபாரின் தலைப்பில் உள்ள 'இ'க்கும் அப்படித்தான்: சுற்று முடிந்ததும் அதன் மதிப்பு ஒரு புது 'இ'க்கு நகலாகி, அந்தப் புதியதுதான் ஒன்று கூட்டப்படுகிறது. பழைய சுற்றின் குளோஷர் பிடித்திருக்கும் 'இ' அசையாமல் இருக்கும். ஆனால் லெட்டை லூப்புக்கு வெளியே எழுதிவிட்டு உள்ளே மதிப்பு மட்டும் கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. 'பயனர்' கதையேதான், கோரிக்கைக்குப் பதில் இங்கே சுற்று.

எல்லா வாரையும் லெட் ஆக்குவோம்

இந்த இரண்டையும் பார்த்தபின் குழு உற்சாகமாகிவிட்டது. முழு நிரலிலும் வாரைத் தேடி லெட் என்று மாற்றிவிடலாம் என்றார்கள். ஆசை நல்லதுதான், தேடி மாற்றும் கருவி அதற்கு ஏற்றதல்ல. ஒரு கிளையில் செய்து பார்த்தோம்.

சத்தம் போட்ட பிழைகளைப் பற்றிக் கவலையில்லை. ஒரே பிளாக்கில் இரண்டு முறை அறிவித்த பெயர், ஸ்விட்சின் இரண்டு கேஸ்களில் வந்த ஒரே பெயர் இரண்டும் சின்டேக்ஸ் எரர் ஆயின, ஃபைல் ஓடவே மறுத்தது. இஃப்புக்குள் அறிவித்து வெளியே பயன்படுத்திய மாறிகள் ரெஃபரன்ஸ் எரர் தந்தன. அறிவிப்பு வரிக்கு முன்பே படித்த இடங்களும் அப்படியே: வார் என்றால் அங்கே அன்டிஃபைண்ட் கிடைக்கும், லெட் என்றால் அந்த வரியை எட்டும்வரை தொடவே கூடாது.

பயமுறுத்தியவை சத்தம் போடாதவை. ஒன்று, கட்டணம் கணக்கிடும் இடம்:

லெட் தள்ளுபடி = 0;
இஃப் (உறுப்பினர்) {
  லெட் தள்ளுபடி = 10;
}
ரிட்டர்ன் கட்டணம் - தள்ளுபடி;

இரண்டும் வாராக இருந்தவரை இவை ஒரே மாறி, இரண்டாவது அறிவிப்பு வெறும் மதிப்பு மாற்றமாகவே வேலை செய்தது. லெட் ஆனதும் உள்ளே இருப்பது வேறு மாறி. அது பிளாக்கோடு பிறந்து பிளாக்கோடு மறைகிறது, வெளியே தள்ளுபடி எப்போதும் 0. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, உறுப்பினர்களுக்குத் தள்ளுபடியும் இல்லை. டெஸ்டு இல்லாத இடத்தில் இது வெளியே போயிருந்தால் கணக்குப் பிரிவுதான் முதலில் கண்டுபிடித்திருக்கும்.

இன்னொன்று இதைவிட நுணுக்கமானது. ஒரு லூப்பின் உள்ளே 'வார் முந்தையது;' என்று மதிப்புக் கொடுக்காமல் அறிவித்திருந்தார்கள். முதல் சுற்றில் வைத்த மதிப்பு அடுத்த சுற்றிலும் இருக்கும் என்று நம்பி மற்ற வரிகள் எழுதப்பட்டிருந்தன. வாரில் அது நடக்கும், மதிப்பில்லாத அறிவிப்பு எதையும் அழிக்காது. லெட்டில் ஒவ்வொரு சுற்றும் அன்டிஃபைண்டிலிருந்து தொடங்கும். அந்த நிரலை எழுதியவர் வாரின் இந்தக் குணத்தைத் தெரிந்து எழுதினாரா, தற்செயலாக அமைந்ததா என்பதை நிரலைப் பார்த்துச் சொல்ல முடியாது. சரியான இடம் லூப்புக்கு வெளியே என்று மாற்றினோம்.

உலாவியில் ஓடும் பகுதியில் வேறு மாதிரி. அங்கே மாட்யூல் (இறக்குமதி, ஏற்றுமதி கொண்ட தனி ஃபைல்) அல்லாத ஸ்கிரிப்டின் மேல்மட்டத்தில் வார் கொண்டு அறிவித்தால் அது விண்டோ பொருளின் பண்பாகவும் ஆகிவிடும், லெட் அப்படி ஆகாது. விண்டோ வழியாக ஒன்றையொன்று எட்டிக்கொண்டிருந்த இரண்டு ஸ்கிரிப்டுகள் அதனால் பிரிந்துபோயின. போகிற போக்கில் ஒன்று: மேல்மட்டத்தில் 'நேம்' என்ற பெயரில் வார் அறிவித்து அதில் எண்ணையோ பட்டியலையோ வைத்துப் பாருங்கள், திரும்ப வருவது சரமாக இருக்கும். விண்டோவுக்கு அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பண்பு இருக்கிறது, அது எதைக் கொடுத்தாலும் சரமாக்கிவிடும். 'நேம்' எவ்வளவு சாதாரணமான பெயர் என்று யோசித்தால் இதில் எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள் என்று புரியும்.

கடைசியில் மொத்தமாக மாற்றும் திட்டத்தைக் கைவிட்டு, ஃபைல் ஃபைலாக, படித்துப் பார்த்து மாற்றுவது என்று முடிவானது. மெதுவான வேலைதான்.

செய்து வைத்த ஏற்பாடுகள்

ஈஎஸ்லிண்ட் என்ற லின்டரில் அறிவிக்காத பெயரைப் பிடிக்கும் விதி, வாரைத் தடுக்கும் விதி, வெளி மாறியை அதே பெயரால் மறைப்பதைப் பிடிக்கும் விதி, மாறாத மதிப்புக்கு கான்ஸ்ட் கேட்கும் விதி நான்கையும் இயக்கினார்கள். தள்ளுபடிக் குழப்பத்தை மூன்றாவது விதி உடனே காட்டியது. புதிய ஃபைல்கள் எல்லாம் இஎஸ் மாட்யூலாக எழுதப்படும். மாட்யூல்களுக்கும் கிளாஸின் உட்பகுதிக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் கேட்காமலே பொருந்தும். டெஸ்டு ஓட்டும் மோக்காவில் குளோபல் கசிவைச் சோதிக்கும் விருப்பம் ஒன்று இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். அதையும் இயக்கியாயிற்று.

இவை எதுவும் ஃபைல் மட்டத்து லெட்டைத் தடுக்காது, ஏனென்றால் அது சில நேரம் நியாயமானது. டேட்டாபேஸ் இணைப்பு செயலிக்கு ஒன்று இருந்தால் போதும், அது ஃபைல் மட்டத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் ஃபைல் மட்டத்தில் மதிப்பு மாறக்கூடிய எதைக் கண்டாலும், 'இது செயலியினுடையதா, கோரிக்கையினுடையதா' என்று மறுபார்வை செய்பவர் கேட்க வேண்டும் என்று குழு எழுதி வைத்துக்கொண்டது. லெட்டை மட்டும் தேடினால் போதாது என்பதும் அப்போதே தெரிந்தது. 'கான்ஸ்ட் நிலை = {};' என்று மேலே வைத்துவிட்டு, உள்ளே 'நிலை.பயனர்' என்பதற்கு மதிப்பு கொடுத்த ஃபைல் ஒன்று கிடைத்தது. கான்ஸ்ட் பெயரை வேறு பொருளுக்குத் திருப்புவதைத்தான் தடுக்கும், பொருளுக்குள் எழுதுவதை அல்ல. அங்கேயும் அதே பிழை காத்திருந்தது, அதை யாரும் புகார் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஃபைலை எழுதியவருக்கு ஒரு நியாயமான தேவை இருந்தது. மிக உள்ளே இருக்கும் லாக் ஃபங்ஷனுக்குப் பயனர் எண் வேண்டும், அதை நடுவில் உள்ள ஏழெட்டு ஃபங்ஷன்கள் வழியாகக் கைமாற்ற அவருக்கு மனமில்லை. இதற்கென்றே நோட்.ஜேஎஸ்ஸில் 2020இல் அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ் வந்தது. கோரிக்கை தொடங்கும்போது அதில் ஒரு மதிப்பை வைத்தால், அந்தக் கோரிக்கை எத்தனை அவெய்ட் தாண்டிப் போனாலும் தன்னுடையதையே திரும்பப் பெறும். லாக் போன்ற குறுக்கு வேலைகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடிதத்துக்கான பெயர் போன்றவற்றை அளபுருவாகவே கொடுப்பது நல்லது, படிப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

மிச்சமிருந்தது டெஸ்டு. நேர இடைவெளி வைத்து இரண்டு கோரிக்கைகளை மோதவிடும் டெஸ்டை முதலில் எழுதிப் பார்த்தார்கள். வேகமான கணினியில் ஒரு மாதிரி, மெதுவானதில் ஒரு மாதிரி நடந்தது. பிறகு சீட்டு உருவாக்கும் ஃபங்ஷனுக்குப் பதிலாக ஒரு போலியை வைத்தோம். டெஸ்டு கையால் திறக்கும் வரை அதன் பிராமிஸ் (பின்னர் வரப்போகும் பதிலுக்கான பொருள்) நிறைவேறாது. முதல் கோரிக்கை அங்கே போய் நிற்கும். இரண்டாவதும் தன் தேடலை முடித்துக்கொண்டு வந்து நிற்கும். அதன் பிறகே முதலாவதைத் திறந்துவிட்டு, போன கடிதத்தில் யார் பெயர் என்று பார்க்கிறது. அறிவிப்பே இல்லாத பழைய நிரலில் இந்த டெஸ்டு ஒவ்வொரு முறையும் தோற்கிறது. ஃபைலின் தலையில் லெட் வைத்த திருத்தத்திலும் அதே போலத் தோற்கிறது. கான்ஸ்டை ஃபங்ஷனுக்குள் வைத்த நிரலில் மட்டும் தேறுகிறது.